ஐந்தாம் தேதிச் செய்தி

ஜனவரி 5

தையல் கம்பெனி ஓனரம்மா எங்கள் எல்லோருக்கும் புது வருட டைரி கொடுத்தார். ஜவுளிக் கடையில் இலவசமாகக் கொடுத்தது. மற்றவர்கள் பால் கணக்கு எழுதப் போகிறார்களாம். எங்கள் வீட்டில் பால் வாங்குவதில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்ற பிறகு, நைட்டிக் கம்பெனியில் தைத்த பீஸ் எண்ணிக்கையைத் தவிர நான் எதையும் எழுதியதில்லை. கையெழுத்து கெட்டுப்போயிருக்கிறது.

காலை 9.12-க்குச் செய்தி வந்தது. ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து மாதம் தவறாமல் ஐந்தாம் தேதி வரும். இங்கிலீஷில் இருக்கும். தவணை 1,590 ரூபாய் வந்து சேர்ந்தது, நன்றி என்று அர்த்தம். மேலே என் பெயர், ஆவுடைத்தங்கம். ஆனால் பணம் கட்டுவது நான் இல்லை. அக்கா.

எங்கள் வீட்டில் அக்கா பெயரைச் சொல்லக் கூடாது. எழுதக் கூடாது என்று அப்பா சொல்லவில்லை. பொன்செல்வி. எழுதிவிட்டேன்.

மாடத்தி அக்கா பக்கத்து மிஷினிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏ ஊமச்சி, யாருட்டி மெசேஜ் போடுதது? ஒனக்குத் தெரியாம ஒரு மாமன் மவன் இருக்கானோ?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் குனிந்துகொண்டு சிரித்தேன். மாமன் மகனாக இருந்தால் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

சாயங்காலம் அம்மா பீடி சுற்றிக்கொண்டே கேட்டாள், "இன்னைக்கு போன்ல மெசேஜ் எதும் வந்துச்சா?" கம்பெனி மெசேஜ் வந்தது என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சாப்பிட்டாள்.

ஜனவரி 13

கட்டிக்கொடுத்த மகள்களுக்குப் பொங்கல் படி கொண்டுபோகிறவர்களால் தெருவே நிறைந்திருக்கிறது. எதிர்வீட்டில் மகளுக்குக் கரும்புக் கட்டும் பித்தளைப் பானையும் ஆட்டோவில் ஏற்றினார்கள். அம்மா பீடி சுற்றும் சொளவை மடியில் வைத்தபடி ஆட்டோ திரும்பும்வரை பார்த்தாள்.

சந்தையில் இரண்டு மஞ்சள்குலை வாங்கினாள். கட்டுவதற்கு எங்களுக்கு ஒரு பானைதான். இன்னொன்று எதற்கு என்று நான் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. அதை விளக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டிருக்கிறாள்.

ஜனவரி 19

இன்று எனக்குப் பத்தொன்பது. ஒருவருக்கும் நினைவில்லை. நினைவிருக்கிறவள் இங்கே இல்லை.

போன வருடம் இதே நாள் அக்கா என்னை பாங்குக்குக் கூட்டிப் போனாள். எட்டாம் வகுப்பில் உதவித்தொகைக்காக ஆரம்பித்த கணக்கு எனக்கு இருந்தது. அதைப் பெரியவர்கள் கணக்காக மாற்றி, ஏ.டி.எம். கார்டு வாங்கி, அங்கிருந்து நேராக ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போனோம். அவளுக்குச் சொந்தமாக ஒரு மோட்டார் தையல் மிஷின் வேண்டும். ஆனால் அவள் பெயரில் கடன் தர மாட்டார்கள். அப்பா கால் முறிந்து கிடந்தபோது அக்காதான் மகளிர் குழுவில் கடன் எடுத்து, ஆபரேஷன் செய்து காலுக்குக் கம்பி வைக்க ஏற்பாடு செய்தாள். வேலைக்குப் போகாமல் அவரோடு ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ஆறு தவணை தவறிவிட்டது. பிறகு எல்லாவற்றையும் கட்டினாலும், தவறியது ஒரு ரிப்போர்ட்டில் நிற்குமாம். நாட்டில் எந்த ஊரில் கடன் கேட்டாலும் அந்த ரிப்போர்ட்டைத்தான் முதலில் பார்ப்பார்களாம்.

"ஒம் பேரு இன்னும் பெட்டி பிரிக்காத சேலை மாரி இருக்குட்டி. ஒரு தடவ கட்டிக்கிட்டுத் தாரேன். கறை படாமத் தாரேன்" என்றாள்.

என் பெயரை ஒருவர் கடன் கேட்டது அதுதான் முதல் தடவை. பதினெட்டு மாதத் தவணை. கார்டை அவளே வைத்துக்கொண்டாள். பாஸ்புக்கை என் டிரங்குப் பெட்டியில் போட்டாள். மாதாமாதம் அந்தக் கணக்கில் அவள் பணம் போடுவாள், ஐந்தாம் தேதி கம்பெனி எடுத்துக்கொள்ளும்.

இரண்டு மாதத்தில் அவள் லாரி செட்டில் வேலை பார்த்த சேவியர் என்பவரோடு போய்விட்டாள். மிஷினும் போய்விட்டது. மிஷின் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது.

"எனக்கு ஒரே பிள்ளதான்" என்று அப்பா தெருவில் நின்று சொன்னார். அவள் போன் இந்த வீட்டுக்கு வந்தால், அந்த நிமிடமே தான் வீட்டை விட்டுப் போய்விடுவதாகவும் சொன்னார். அதனால் போன் வரவில்லை. ஐந்தாம் தேதி மட்டும் வருகிறது.

பிப்ரவரி 5

செய்தி வேறு மாதிரி இருந்தது. 1,590 என்ற எண் அதேதான். நன்றி இல்லை. புரியாத வார்த்தை ஒன்று இருந்தது. மத்தியானம் ஓனரம்மாவிடம் அந்த ஒரு வார்த்தையை மட்டும் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். "திரும்பிப் போயிருச்சுன்னு அர்த்தம்" என்றார்.

அம்மா கேட்டாள். வந்தது என்றேன். குழம்பில் உப்பு இல்லை, யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 12

மறுபடி அதே வார்த்தை.

பிப்ரவரி 20

மறுபடி. அவளுக்கு உடம்பு சரியில்லையோ. வேலை இல்லையோ. சேவியர் அண்ணன் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். என்னைப் பார்த்து அவர்தான் வெட்கப்பட்டார்.

பிப்ரவரி 29

ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து போன். வேலை நேரத்தில் வந்தது. கக்கூஸ் பக்கம் போய் எடுத்தேன்.

"ஆவுடைத்தங்கமா? தவணை கட்டலையேம்மா. எப்போ கட்டுவீங்க?"

வெளியே கேட்டுவிடும் என்று குழாயைத் திறந்துவிட்டேன்.

"ஹலோ? இருக்கீங்களா? பேசலைன்னா ஃபாரத்துல கொடுத்த இன்னொரு நம்பருக்குக் கூப்பிட வேண்டியிருக்கும். ராமையான்னு போட்டிருக்கு. அப்பாதானே?"

கட்டுகிறேன் என்று சொன்னேன். சொன்னேனா, நினைத்தேனா தெரியவில்லை. அக்கா அவசரத்தில் அப்பா நம்பரைக் கொடுத்திருக்கிறாள். இருபது வருடமாக மாறாத நம்பர் வீட்டில் அது ஒன்றுதான்.

இன்று தைத்ததில் நான்கு பீஸில் கழுத்துப் பட்டி கோணல். பிரித்துத் தைத்தேன்.

மார்ச் 5

திரும்பிப் போயிருச்சு.

அம்மா கேட்பதற்கு முன்னால் நானே "மெசேஜ் வந்துச்சும்மா" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்படியா" என்றாள்.

மார்ச் 10

அக்கா ரூபாய் நோட்டை யாரிடம் கொடுத்தாலும் முதலில் தொடையில் வைத்து உள்ளங்கையால் இழுத்து நீவித்தான் கொடுப்பாள். இஸ்திரி போடுவது போல. பஸ் கண்டக்டருக்குக்கூட. "மடிச்ச காசக் குடுத்தா மதிக்க மாட்டாவட்டி" என்பாள். இன்று சம்பளம் வாங்கியபோது நான் அப்படிச் செய்துகொண்டிருப்பதைக் கவனித்தேன். எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 24

நைட்டிக் கம்பெனியில் புது ஏற்பாடு. வீட்டில் சொந்த மிஷின் வைத்துத் தைத்தால் பீஸுக்கு எட்டு ரூபாய்க்குப் பதில் பதினான்கு. மாடத்தி அக்கா ஐந்து பேரைச் சேர்த்து பாங்கில் குழுக் கடன் கேட்கிறாள். என்னையும் சேர்த்துவிட்டாள்.

"நீ பேச வேண்டாம் ஊமச்சி. கையெழுத்த மட்டும் போடு. பேசுதத நான் பாத்துக்கிடுதேன்."

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் ஆதார் நகலை வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 5

திரும்பிப் போயிருச்சு. மூன்று மாதம்.

அம்மா இன்று கேட்கவில்லை.

ஏப்ரல் 17

மாடத்தி அக்கா பாங்கிலிருந்து நேராகக் கம்பெனிக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, ஒம் பேர்ல கடன் நிக்குதாமே? தவணை கட்டலயாமே? ஒருத்தி ஃபைல் மோசமா இருந்தா அஞ்சு பேத்துக்கும் கெடையாதுங்கான் அந்த மனுசன். நாலு பொம்பளையும் ஒன்னால தெருவுல நிக்கோம்."

மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. நான் நூலைக் கோத்தேன். ஊசிக் கண் தெரியவில்லை.

"என்னத்த வாங்குன நீ? பவுனா? போனா? வாயத் தொறந்து சொல்லேன்!"

மிஷின் என்று சொன்னால் எங்கே என்று கேட்பார்கள்.

போகும்போது அவளே என் தோளைத் தொட்டாள். "வேற ஆளச் சேத்துக்கிடுதோம். நீ மொத இதச் சரி பண்ணு. சின்னப் புள்ள, இன்னும் எவ்வளவு காலம் கெடக்கு."

திட்டியபோது அழுகை வரவில்லை. அப்போது வந்தது.

ஏப்ரல் 20

இ-சேவை மையத்துக்குப் போனேன். கூட்டம் குறையும்வரை வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். அங்கே வேலை பார்க்கும் பானு அக்காதான் உள்ளே வரச் சொன்னார். "அப்பலேருந்து நிக்கியே, ஒனக்கு என்ன வேணும் கண்ணு?"

என் பெயரில் இருக்கிற கடன் ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். வருடத்துக்கு ஒரு முறை இலவசம், பிரிண்ட்டுக்கு மட்டும் இருபது ரூபாய். அதில் மதிப்பெண் போட்டிருக்கிறது. தொள்ளாயிரத்துக்கு எனக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று. அது முக்கியமில்லை. கீழே கட்டம் கட்டமாக மாதங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மாதக் கடைசியில் எத்தனை நாள் பாக்கி என்று எழுதியிருக்கிறது. பன்னிரண்டு மாதம் 000. பிப்ரவரி 024. மார்ச் 055.

பள்ளிக்கூடத்தில் முட்டை வாங்கினால் அடி விழும். இங்கே முட்டைதான் முதல் மார்க். பன்னிரண்டு முட்டை வாங்கியிருக்கிறாள் அக்கா. ஒரு நாள்கூடத் தவறவில்லை.

"இந்த ரெண்டு கட்டமும் அழியுமா?" என்று கேட்டேன். நானாகக் கேட்ட முதல் கேள்வி.

"சட்டுன்னு அழியாது. வருசக்கணக்குல நிக்கும். ஆனா இனிமே ஒழுங்காக் கட்டிட்டே போனா முன்னால நல்ல கட்டமாச் சேந்துக்கிட்டே வரும். பாக்கவன் புதுசத்தான் மொதப் பாப்பான்."

காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். முந்தின வருடம் பிப்ரவரி முதல் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இந்த மாதம் இருந்தாள். இந்த மாதமும் இருந்தாள். இந்த மாதமும். அதற்குப் பிறகு 024.

ஏப்ரல் 21

ஜனவரியில் எழுதியது பொய். மிஷின் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். ஒரு பக்கம் அக்கா பிடித்தாள், இன்னொரு பக்கம் நான் பிடித்தேன். அப்பா தறிக்குப் போயிருந்தார், அம்மா பீடிக் கடையில் இருந்தாள். ஷேர் ஆட்டோவில் ஏற்றினோம். சர்வீஸுக்குப் போகிறது என்று எதிர்வீட்டில் சொன்னதும் நான்தான். கணீரென்று சொன்னேன், எனக்கே ஆச்சரியம்.

ஆட்டோ கிளம்பியபோது, "மாசா மாசம் நா இருக்கேம்னு ஒனக்குத் தெரியும்" என்று அக்கா சொன்னாள். அப்போது புரியவில்லை. அவள் போன பிறகு முதல் செய்தி வந்தபோதுதான் புரிந்தது.

இப்போது அவள் இல்லையா? அல்லது நான் அவள் நினைவில் இல்லையா? இரண்டில் எது என்று தெரிந்தால் போதும்.

மே 2

ஃபைனான்ஸ் கம்பெனிக்காரர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை இனிமையாகப் பேசினார்.

"அபராதத்தோட சேத்து முழுசாக் கட்டினா பதினோராயிரம் வரும்மா. நீங்க ஆறாயிரம் மட்டும் ஒரே தடவையாக் கட்டுங்க. செட்டில்மெண்ட் போட்டு முடிச்சுத் தர்றேன். அப்புறம் எங்க தொந்தரவே இருக்காது. ஒரு மெசேஜ்கூட வராது."

கம்மலை அடகு வைத்தால் ஆறாயிரம் கிடைக்கும். அப்பாவுக்கு போன் போகாது. எல்லாம் சரிதான்.

ஒரு மெசேஜ்கூட வராது என்று சொன்னாரே.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மே 4

பானு அக்காவிடம் கேட்டேன்.

"செட்டில்மெண்ட்டா? வேண்டாம். 'முழுசாக் கட்டி முடிச்சாச்சு'ன்னு ரிப்போர்ட்ல வரணும். கொறச்சுக் கட்டுனா 'செட்டில்டு'ன்னு போட்டுருவான். நாளைக்கு யாரு பாத்தாலும் இவ கொடுக்க வேண்டியதக் கொடுக்கலன்னு நெனைப்பான்." பிறகு கேட்டார், "ஆமா, ஒன் பாங்க் கணக்குல இப்ப எவ்வளவு கெடக்கு?"

"ஒண்ணும் இருக்காது."

"பாத்தியா?"

பார்க்கவில்லை. பாங்கிலிருந்து எனக்குச் செய்தி வராது. அந்தக் கணக்கில் இருப்பது நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அப்பா கொஞ்ச நாள் இரண்டாவதாக வைத்திருந்த சிம்மின் நம்பர். அந்த சிம் எப்போதோ செத்துவிட்டது. பாஸ்புக்கைப் பதிய வேண்டும் என்றால் கவுண்ட்டரில் போய்ப் பேச வேண்டும். பழைய புத்தகம், வெளியே இருக்கிற மிஷினில் ஏறாது. ஒரு வருடமாக அதற்காகத்தான் போகவில்லை. இதை பானு அக்காவிடம் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. திங்கட்கிழமை போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மே 6

முழுவதும் எழுத வேண்டும்.

பாங்கில் மூன்று முறை வரிசையில் நின்று, கவுண்ட்டர் பக்கம் வந்ததும் விலகிவிட்டேன். நான்காவது முறை பின்னால் நின்ற பெரியவர் முதுகில் லேசாகத் தட்டினார். "போ தாயி, கடிக்க மாட்டாவ." பாஸ்புக்கை நீட்டினேன். "பதியணும்" என்றேன். ஒரே ஒரு வார்த்தை.

மிஷின் அடித்துக்கொண்டே இருந்தது. பக்கம் திருப்பி மறுபடி அடித்தது. வாங்கிப் பார்த்தேன்.

ஒவ்வொரு மாதமும் மூன்றாம் தேதி 1,600 ரூபாய் வரவு. ஐந்தாம் தேதி 1,590 எடுப்பு. மீதம் பத்து. அடுத்த மாதமும் அப்படியே. மீதம் இருபது. ஜனவரி வரை நூற்று இருபது சேர்ந்திருக்கிறது.

பிப்ரவரி 3, வரவு 1,600.

மார்ச் 3, வரவு 1,600.

ஏப்ரல் 3, வரவு 1,600.

மே 3, வரவு 1,600. முந்தாநாளைக்கு முந்தின நாள்.

அக்கா ஒரு மாதம்கூட விடவில்லை.

எனக்குப் புரியவில்லை. கவுண்ட்டர் அம்மாவிடம் திரும்பப் போய் நின்றேன். அவர் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். ஜனவரி கடைசியில் ஏ.டி.எம். கார்டுக்கு வருடக் கட்டணம் 177 எடுத்திருக்கிறார்கள். இருந்தது 120. பாக்கி 57-ஐ பிப்ரவரியில் அக்கா பணம் போட்டதும் எடுத்துக்கொண்டார்கள். 1,543 இருந்தது. தவணை 1,590.

"நாப்பத்தேழு ரூவா கொறஞ்சிருக்கும்மா. அதான் திரும்பிருக்கு. ஒவ்வொரு தடவ திரும்புறப்பவும் எரநூத்தித் தொண்ணூத்தஞ்சு சார்ஜ். அடுத்த மாசம் ரெண்டு தவணையாச் சேத்துக் கேட்ருக்காங்க, அதுக்கும் பத்தல. இப்படியே பத்துத் தடவ. அப்பப்ப புக்கப் பதிஞ்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே."

நாற்பத்தேழு ரூபாய். ஆறு நைட்டி. ஒரு மத்தியானத்தில் தைத்திருப்பேன்.

கணக்கில் இப்போது 3,393 ரூபாய் இருக்கிறது. எல்லாம் அக்கா பணம். நான்கு மாதமாக அங்கே கிடக்கிறது. நான் அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. பணம் போடுகிற மிஷின் எந்த ஊரில் இருக்கிறது என்று வரிக்கு வரி அச்சாகியிருக்கிறது. முதல் இரண்டு மாதம் இந்த ஊர். அவள் போன மறு மாதம் மதுரை. பிறகு மூன்று மாதம் ஒட்டன்சத்திரம். அதன் பிறகு எல்லாம் காங்கேயம்.

காங்கேயம் எப்படி இருக்கும்? தண்ணீர் எப்படி இருக்கும்? அவளுக்குத் தண்ணீர் மாறினால் தொண்டை கட்டும்.

மே 7

பாஸ்புக்கை அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். பீடிக் கட்டு எண்ணி எண்ணித் தெரிந்தது. 1,600, 1,600 என்று விரலால் தொட்டுக்கொண்டே கீழே வந்தாள்.

"மூணாந்தேதிதான் போடுதாளா?"

"ஆமாம்மா."

"நீ பொய் சொன்னத நான் நம்பல. நாலு மாசமா அவளுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அஞ்சாந்தேதி ஒம் மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா" என்றாள். மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி முதல் வரியிலிருந்து விரலை வைத்தாள்.

மே 18

கம்பெனிக்காரரிடம் நானே போன் செய்தேன். செட்டில்மெண்ட் வேண்டாம், தவறிய நான்கு தவணையையும் அபராதத்தையும் முழுதாகக் கட்டுகிறேன், மீதியைப் பழையபடி மாதாமாதம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். முதலில் காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பேசினேன். மொத்தம் 7,860.

கணக்கிலிருந்து 3,300 எடுத்தேன். என்னிடம் 1,560 இருந்தது. மீதம் மூவாயிரத்துக்குக் கம்மலைக் கழற்றினேன். அம்மா கையைப் பிடித்துத் தடுத்தாள். உள்ளே போய் ஒரு சின்னக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். சரியாக மூவாயிரம்.

"பீடிக் காசு. வச்சுக்கோ."

நூல் போட்டுக் கட்டியிருந்தது. பீடிக்குக் கட்டுகிற நூல் சிவப்பு. இது வெள்ளை நூல், தறியில் ஓடுவது. லேசாக எண்ணெய் வாடை அடித்தது.

மே 20

ஃபைனான்ஸ் கம்பெனியின் தென்காசி ஆபீஸில் கட்டினேன். ரசீது வாங்கினேன். "மே மாசக் கட்டத்துல இனி முட்டைதானே வரும்?" என்று கேட்டேன். அந்தப் பையன் திருதிருவென விழித்தான்.

மே 26

மாடத்தி அக்கா: "ஏட்டி, ஒனக்கு யாரும் வாய்க்கு மந்திரிச்சாவளா? காலைலேருந்து மூணு வார்த்த பேசிட்ட."

ஜூன் 2

நாளை மூன்றாம் தேதி.

நான் மாடத்தி அக்கா கூட்டத்தோடு திருச்செந்தூர் போவதாக அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அம்மா என் பையில் ஆணியில் கிடந்த மஞ்சள்குலையைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். காய்ந்து சுருங்கிவிட்டது, வாசனை மட்டும் இருக்கிறது. திருச்செந்தூருக்கு எதற்கு மஞ்சள்குலை என்று அப்பா கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் வரை அப்பா வந்தார். காலை இழுத்து இழுத்து நடந்தார், பையை என்னிடம் தரவில்லை. திருச்செந்தூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அப்பா அதைத் தாண்டிப் போனார். மதுரை பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரம் துண்டைப் போட்டு இடம் பிடித்து, என்னை உட்காரச் சொன்னார். கண்டக்டரிடம், "காங்கேயத்துக்கு மதுரைல எந்தப் பக்கம் ஏறணும்னு சொல்லி எறக்கி விடுங்க" என்றார்.

பஸ் நகர்ந்தபோது, "போன் வேண்டாம்" என்றார். கூடவே இரண்டடி வந்து, "மெலிஞ்சிருக்காளான்னு பாரு" என்றார்.

பஸ் குலுங்குகிறது. எழுத்து கோணல்.

ஜூன் 3, காங்கேயம்

பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவினேன். பாங்கை மூன்று பேரிடம் கேட்டுக் கண்டுபிடித்தேன். "நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க அம்மணி" என்றார் ஒரு கடைக்காரர். இங்கே எல்லோரும் என்னை வாங்க போங்க என்கிறார்கள்.

பணம் போடும் மிஷின் கண்ணாடி அறைக்குள் இருக்கிறது. எதிர்ப் படியில் உட்கார்ந்திருக்கிறேன். மணி எட்டு.

ஒன்பதரை. ஏழு பேர் வந்து போனார்கள். எல்லோரும் ஆண்கள்.

பதினொன்று. காவலாளி இரண்டு முறை பார்த்துவிட்டார். இன்று அவள் வராமல் போனால்? இந்த மாதம் நேற்றே போட்டிருந்தால்? பஸ்ஸில் இதை ஏன் யோசிக்கவில்லை?

பன்னிரண்டு பத்து. ஒரு பெண் உள்ளே போயிருக்கிறாள். முதுகுதான் தெரிகிறது. மெலிந்த முதுகு. பச்சைச் சேலை, எனக்குத் தெரியாத சேலை. வரிசையில் மூன்றாவதாக நிற்கிறாள்.

நோட்டை எடுத்துத் தொடையில் வைத்து நீவுகிறாள்.

கூப்பிட வேண்டும். டைரியை மூடுகிறேன்.

ஜூன் 4

கூப்பிட்டது தெருவுக்கே கேட்டிருக்கும். கண்ணாடிக் கதவு மூடியிருந்தும் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். அக்கா கடைசியாகத் திரும்பினாள். முதலில் அவள் என்னைப் பார்க்கவில்லை, என் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

மஞ்சள்குலையைக் கையில் வைத்துக்கொண்டு தெருவிலேயே அழுதாள். அதை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு பாஸ்புக்கைக் காட்டினேன். பிறகு திட்டினாள். அவள் திட்டியதை எல்லாம் எழுதிவைக்கிறேன்.

"மாசம் தவறாம வேகாத வெயில்ல வந்து நின்னு கட்டுதேன், நீ ஒரு நாளு அந்தப் புக்க எடுத்துட்டுப் போயி பதியக் கூடாதா?"

"வாய் எதுக்கு இருக்கு ஒனக்கு? சோறு திங்கதுக்கு மட்டுமா?"

"நாப்பத்தேழு ரூவாய்க்கு எம் பேரக் கெடுத்த மாரி ஒம் பேரையும் கெடுத்துட்டனேட்டி!"

"மிஷின் பத்து ரூவா நோட்ட வாங்காதுல்லா. மிச்சம் பத்து ரூவா ஒனக்குன்னுதான் மாசா மாசம் போட்டேன். அதையும் எடுத்துத் திங்கல பாரு, கிறுக்கச்சி!"

நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். அதற்கும் திட்டினாள்.

வீடு ஒரே அறை. ஜன்னல் பக்கம் எங்கள் மிஷின். என் கை பிடித்திருந்த பக்கத்தில் ஒரு சிராய்ப்பு உண்டு, அது அப்படியே இருக்கிறது. சேவியர் அண்ணன் மில்லுக்குப் போகுமுன் எனக்கு இளநீர் வாங்கிவைத்துவிட்டுப் போனார். இப்போதும் வெட்கப்படுகிறார்.

இன்னும் இரண்டு தவணைதான் இருக்கிறது. அதன் பிறகு செய்தி வராது. சொன்னபோது அக்கா என் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். இழுத்துப் பின்னியதில் வலித்தது.

"அதுக்கப்புறமும் மூணாந்தேதி போடுவேன். நீ ஒரு மிஷினுக்குச் சேத்துக்கோ. புக்க மட்டும் பதி."

"அப்பா ஒன்னைய மெலிஞ்சிருக்கியான்னு பாக்கச் சொன்னாவ" என்றேன்.

கை நின்றது. பிறகு கேட்டாள், "என்ன சொல்லப்போற?"

"மெலிஞ்சிருக்கான்னு சொல்லுவேன்."

"சொல்லு" என்றாள்.

பஸ்ஸில் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். 024, 055. ஏப்ரலுக்கு 085 வரும். மூன்று கட்டம், வருடக்கணக்கில் அழியாது என்றார் பானு அக்கா. மாடத்தி அக்கா கேட்டால் இப்போது சொல்லிவிடுவேன். அக்கா தவறிய மாதங்கள் இல்லை அவை. நான் போய்ப் பார்க்காத மாதங்கள்.

ஜூன் 5

காலை 9.12. தவணை 1,590 வந்து சேர்ந்தது. நன்றி.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார், மாட்டி முடித்தும் போகவில்லை.

"இன்னொரு தரம் வாசி" என்றாள் அம்மா. "கொஞ்சம் சத்தமா வாசி."